வெள்ளைத்தாயின் மணிக்கட்டு

வேனிலிருந்து இறங்கும்போது வெள்ளைத்தாய்க்குக் கால் தடுக்கியது. உயரம் ஒன்றுமில்லை, ஒரே ஒரு படி. பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து தினமும் மாலையில் ஆமத்தூர் நிறுத்தத்தில் அவள் இறங்குகிற படிதான். விழுகிற வேகத்தில் வலது கையைத் தரையில் ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கூட இறங்கிய பெண்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்படி விழுவதற்கெல்லாம் எலும்பு உடையும் என்று யாரும் நினைக்கவில்லை. கை கோணலாகத் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ பிடிக்க ஓடினார்கள்.

செய்தி மறுநாள் மதியம் விருதுநகரில் குல்சார் பேகத்துக்கு வந்து சேர்ந்தது. குல்சாருக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் பீர் முகைதீன் பஜாரில் பருப்புக் கடை வைத்திருந்தார். இவள் வீட்டின் முன்னறையில் நைட்டியும் சுங்குடிச் சேலையும் விற்றாள். பதினைந்து வருட வியாபாரம். சிவகாசி, திருத்தங்கல், ஆமத்தூர் பக்கத்துப் பெண்கள் பலர் அவளைத் தேடி வருவார்கள். வெள்ளைத்தாய் அவர்களில் ஒருத்தி. குல்சாரைவிட மூன்று வயது மூத்தவள். கணவன் இறந்த பிறகு, கட்டிக்கொடுத்த மகள் வெளியூரில் இருக்க, தனியாகத்தான் இருந்தாள்.

குல்சார் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே வந்தது. ஏனென்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை. நைட்டியோடு சேர்த்து அவள் இன்னொன்றும் விற்றுக்கொண்டிருந்தாள்.

அது தொடங்கியது மூன்று வருடத்துக்கு முன்னால். அவளுக்கு மாதவிலக்கு நின்ற புதிது. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை நெருப்பு ஏறும். பத்து நிமிடத்தில் உடுப்பு நனைந்துவிடும். தூக்கம் போய்விட்டது. காரணமில்லாமல் மருமகளிடம் எரிந்து விழுந்தாள், பிறகு அடுப்படியில் போய் அழுதாள். சேலை வாங்க வந்த சிவகாசி ரோஜாதான் ஒரு பாட்டிலைக் கொடுத்து இதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றாள். சோயாவிலிருந்து எடுத்த சத்து, பெண்ணுடம்பில் குறைந்துபோகிற ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாகச் செடி கொடுக்கிற ஈஸ்ட்ரோஜன், பக்கவிளைவே கிடையாது என்றாள். குல்சார் சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் சூடு குறைந்தது. கேப்ஸ்யூலால்தான் குறைந்ததா, தானாகவே குறைகிற காலம் வந்துவிட்டதா என்று அவள் யோசிக்கவில்லை. தூக்கம் திரும்பியதே போதுமாக இருந்தது.

அவள் ஏமாற்றுக்காரி இல்லை. தனக்கு நல்லது செய்த ஒன்றை மற்றவர்களுக்கும் சொன்னாள், அவ்வளவுதான். ஆள் சேர்த்து அதை விற்கிற நிறுவனத்தில் ரோஜாவுக்குக் கீழே அவளையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டங்களில் சூட்டுக்கு மட்டுமில்லை, எலும்புத் தேய்மானத்துக்கும் இது கண்கண்ட மருந்து என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதையும் அவள் அப்படியே மற்றவர்களிடம் சொன்னாள். முப்பத்தொரு பெண்கள் அவளிடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைத்தாய் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். குல்சாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. சீசன் நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே, பட்டாசுச் சக்கரம் சுற்றுகிற கை இதுதானே என்றுதான் புலம்பினாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எலும்பு டாக்டரம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"போன வருஷம் முதுகுவலின்னு வந்தப்ப ஸ்கேன் எடுத்துட்டு, வாரம் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தேனே. அதை எப்ப நிறுத்துனீங்க?"

வெள்ளைத்தாய் ஒருமுறை குல்சாரைப் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துல நிறுத்திட்டேன் டாக்டரம்மா. வயித்த எரிச்சிச்சு. அதுக்குப் பதிலா எலும்புக்கு இதத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

ஒயர்கூடையிலிருந்து அவள் இடது கையால் எடுத்து நீட்டிய பாட்டில், குல்சார் கொடுத்த பாட்டில்.

குல்சாருக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. முன்னறையில் நைட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு வெள்ளைத்தாய் கேட்டாள், ரெண்டையும் சாப்பிடலாமா என்று. எதுக்கு ரெண்டையும் போட்டு உடம்பக் கெடுக்கீக, அது கெமிக்கல், இது செடியில இருந்து வர்றது என்று சொன்னது இவள்தான். துணியை மடித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

ஒன்றும் பேசாமல் வந்துவிட்டிருக்கலாம். அந்தப் பாட்டிலைக் கொடுத்தது யாரென்று டாக்டருக்குத் தெரியாது. ஆனால் குல்சாரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அதை இவங்களுக்குக் கொடுத்தது நான்தான், நிறுத்தச் சொன்னதும் நான்தான் என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. கட்டில் ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது விஷம் கிடையாதும்மா. சூடு தணியிறதுக்கு சிலபேருக்குக் கொஞ்சம் கேக்கும். உங்களுக்கும் கேட்டிருக்கலாம். எலும்பு வேற விஷயம். சின்னச் சின்ன ஆராய்ச்சியில நல்லதுன்னு வந்துச்சு. நிறையப் பேருக்கு ரெண்டு வருஷம் குடுத்துப் பாத்தப்ப எலும்பு கரையிறது நிக்கல. ஏற்கெனவே கரைஞ்சு போனவங்க இத நம்பி மருந்த விட்டா இப்படித்தான் ஆகும்."

பிறகு, வெகு சாதாரணமாக, நீங்களும் சாப்பிடுறீங்கள்ல, உங்க எலும்பப் பாத்தீங்களா என்று கேட்டார். குல்சார் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வாரமே மருமகள் நாஜியா அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்கவைத்தாள். பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்ததுதான் வேலை. முதுகெலும்புக்கு மைனஸ் இரண்டு புள்ளி எட்டு என்று போட்டிருந்தது. மைனஸ் இரண்டரையைத் தாண்டினாலே எலும்பு மெலிந்துவிட்டதென்று கணக்காம். வெள்ளைத்தாயுடையது போன வருடம் மைனஸ் மூன்று புள்ளி ஒன்று. மூன்று வருடமாக ஒருநாள் விடாமல் கேப்ஸ்யூல் போட்டவளுக்கும், பட்டாசுக் கம்பெனியில் பாடுபட்டவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நாஜியா பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கி வாசித்தாள். இது மருந்து அல்ல, எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இத நீங்க பாத்ததே இல்லையா மாமி?" என்று கேட்டாள்.

இல்லையென்று குல்சார் தலையாட்டினாள். கண்ணாடி போட்டாலும் அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அது ஒரு சமாதானமாக அவளுக்குப் படவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாஜியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திருமங்கலம் தாண்டும்வரை விடவில்லை.

வீட்டில் பீர் முகைதீன் எல்லாவற்றையும் கேட்டார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

"நம்ம கடையில வண்டு விழுந்த பருப்பு தெரியாமப் போயிருச்சுன்னா என்ன செய்வோம்?" என்றார். "வாங்கினவுக வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லிருவோம்ல. நீயும் சொல்லிரு."

குல்சார் முதலில் ரோஜாவுக்குப் போன் செய்தாள். ரோஜா பொறுமையாகக் கேட்டாள். வயசானால் விழத்தான் செய்வார்கள், வேன் படியில் வழுக்கினதற்குக் கேப்ஸ்யூல் என்ன செய்யும் என்றாள். இவ்வளவு பேர் நம்பி இருக்கிறார்கள், நீங்கள் பயந்துபோய் எல்லாரையும் கலைத்துவிடாதீர்கள் என்றாள். அவளும் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் பேசுகிறாள் என்பது குல்சாருக்குத் தெரிந்தது. மூன்று வருடமாக இவளும் இதே குரலில்தான் பேசினாள். நீயும் ஒரு தடவ ஸ்கேன் எடுத்துப் பாரு ரோஜா என்று மட்டும் சொன்னாள். ரோஜா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து மாமியாரும் மருமகளும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். முப்பத்தொரு வீடு. கம்பெனி விட்டுப் பெண்கள் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்துப் போக வேண்டியிருந்தது. முதல் சில வீடுகளில் குல்சார் சுற்றி வளைத்தாள். புதுசா ஆராய்ச்சி வந்திருக்கு, டாக்டர் சொல்றாங்க என்று தொடங்கினாள். கேட்பவர்களுக்கு எதுவும் புரியவில்லை. இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும் என்று ஒருத்தி ஆர்டர் கொடுத்தாள். வெளியே வந்ததும் நாஜியா, சுருக்கமாச் சொல்லிருங்க மாமி என்றாள். அடுத்த வீட்டில் குல்சார் உட்காரக்கூட இல்லை. எலும்புக்கு இது கேக்கும்னு நான் சொன்னது தப்பு, டாக்டர் குடுத்த மாத்திரைய யாராவது நிறுத்தியிருந்தா உடனே போய்க் கேளுங்க, என் எலும்பே போயிருச்சு என்று நின்றபடி சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஸ்கேன் பேப்பரை எடுத்துக் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பேப்பர் புரிந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. சிவப்பில் ஒரு புள்ளி.

சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் நம்பவில்லை, எனக்கு நல்லாத்தான் இருக்கு என்று பாட்டிலைக் கொடுக்க மறுத்தார்கள். திருத்தங்கலில் கருப்பம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அச்சாபீஸில் காலண்டர் அடுக்குகிறவள், கறாரான பேச்சு.

"அன்னைக்கு இத விட்டா வேற மருந்தே இல்லன்னீக. இன்னைக்கு ஒண்ணுமே இல்லங்கீக. நாளைக்கு எதத் தூக்கிட்டு வருவீக?"

குல்சார், நீங்க கேக்குறது நியாயம்தான் என்று சொல்லிவிட்டு நின்றாள். கருப்பம்மாள் கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அதற்குமேல் எந்த வீட்டுக்கும் போகவில்லை.

வெள்ளைத்தாயின் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் சொன்னது வேறு. அவளிடமே நேராகச் சொல்ல வேண்டும். மாவுக்கட்டோடு இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்த வெள்ளைத்தாயிடமிருந்து நாஜியா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். குல்சார் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, என்னாலதான் ஒங்களுக்கு இப்படி ஆச்சு அக்கா, என்னய மன்னிச்சிருங்க என்றாள்.

வெள்ளைத்தாய் யோசித்துப் பேசினாள்.

"நீங்க சொன்னதால மட்டும் நிறுத்தல பேகம்மா. அந்த மாத்திரைய வெறுவயித்துல ஒரு சொம்புத் தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னாங்க. ஏழு மணிக்கு வேன் வந்துரும். நான் விடிய முன்னாடி ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கிட்டுத் திரும்பப் படுத்துருவேன். அதான் வயித்த எரிச்சிருக்கு. நீங்க சொன்னது எனக்குச் சாக்காப் போச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஆனா நீங்க அப்படிச் சொல்லாம இருந்தா, எரியுதுன்னு டாக்டரம்மாட்ட போய்க் கேட்டிருப்பேன். அதும் உண்மைதான்."

இரண்டையும் அவள் சொன்னது குல்சாருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. முழுப் பழியும் தன்மேல் விழுந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். ஒன்றுமில்லை என்று வெள்ளைத்தாய் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தால் அதை இவள் நம்பியிருக்க மாட்டாள். இப்போது செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

டாக்டரம்மா இருவருக்கும் அதே வார மாத்திரையைத்தான் எழுதியிருந்தார். சொன்னபடி சரியாகச் சாப்பிட்டும் எரிந்தால் ஊசி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றிருந்தார். கூடவே கால்சியம், வைட்டமின் டி. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற சின்ன மீன். காலை வெயிலில் நடை. சோயாவே வேண்டாமா என்று குல்சார் கேட்டபோது, மீல் மேக்கர் குழம்பு வைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், சாப்பாடு சாப்பாடாக இருந்தால் நல்லது, மருந்தாக நினைக்காதீர்கள் என்று சிரித்தார்.

மாத்திரைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு வேன் கிடையாது. காலை ஆறரைக்குக் குல்சார் போன் செய்வாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரிய சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பார்கள். பிறகு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பதற்காகப் பேச்சு. குல்சார் மாடியில் வெயிலில் நடந்துகொண்டே பேசுவாள். வெள்ளைத்தாய் தெருவில் நடப்பாள். முதல் இரண்டு வாரம் பேச எதுவும் கிடைக்கவில்லை. வியாபாரத்துக்கு வெளியே அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. மூன்றாவது வாரம் வெள்ளைத்தாய் தன் கணவன் போன விபத்தைப் பற்றிச் சொன்னாள். பட்டாசுக்கு மருந்து கலக்கிற அறையில் அன்றைக்கு லீவு எடுத்த ஆளுக்குப் பதிலாகப் போனவர். பதினோரு வருடத்தில் ஒருவரிடமும் முழுசாகச் சொல்லாத கதை. குல்சார் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உட்கார்ந்து கேட்டாலும் பரவாயில்லை, படுக்கத்தான் கூடாது என்று வெள்ளைத்தாயே அழுகைக்கு நடுவே நினைவுபடுத்தினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளைத்தாய்க்கு இந்தத் தடவை வயிறு எரியவில்லை. மாவுக்கட்டு பிரித்தார்கள். கை முதலில் விறைத்துப்போய் இருந்தது. துண்டைப் பிழிந்து பிழிந்து பழகினாள். இரண்டு மாதத்தில் திரும்ப வேலைக்குப் போனாள். ஞாயிறு பேச்சைப் பற்றி வேனில் சொல்லியிருப்பாள் போல. ஒரு வாரம் குல்சாருக்கு வேறு ஒரு பெண் போன் செய்து, தன்னையும் அந்த நேரத்தில் கூப்பிட முடியுமா, தனியாக இருந்தால் படுத்துவிடுகிறேன் என்று கேட்டாள். நாஜியா எல்லாரையும் ஒரே அழைப்பில் சேர்க்கிற வழியைக் காட்டிக்கொடுத்தாள். தீபாவளி வருவதற்குள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள்.

தீபாவளி முடிந்தது. கம்பெனிகளெல்லாம் கொஞ்சநாள் மூடிக்கிடந்தன. அச்சாபீஸ்களில் மட்டும் காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம், தெரு வெறிச்சோடியிருந்தபோது, கருப்பம்மாள் குல்சாரின் வாசலில் வந்து நின்றாள். நைட்டி பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள். நாலைந்தைப் பிரித்துப் பார்த்தாள், ஒன்றும் எடுக்கவில்லை. கடைசியில் சொன்னாள்:

"எனக்கு உயரம் ரெண்டு அங்குலம் கொறஞ்சுருச்சாம். மகன் கல்யாணத்துக்குத் தச்ச பாவாடை இப்பத் தரையில இழுபடுது. எங்க அம்மாவும் கடைசியில கூனிப் போய்த்தான் செத்தா." பிறகு, "அந்த ஸ்கேனு எங்கன எடுக்காக?" என்று கேட்டாள்.

குல்சார் எழுதிக் கொடுக்கவில்லை. நான் கூட வர்றேன் என்றாள்.

கருப்பம்மாள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாள். வெள்ளைத்தாய் வேனில் வருகிற நாலு பேரைச் சேர்த்தாள். கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன்தான் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பாண்டிமுருகன் மதுரைக்கு வருவதற்குச் சம்மதித்தான். ஒன்பது பெண்கள் அதிகாலையில் கிளம்பினார்கள். ஒருத்தி புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். நாஜியா முறுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்னால் வளையலையும் தாலிக்கொடியையும் கழற்றி வெள்ளைத்தாயின் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு யாரையும் நெருங்கவிடாமல் காத்தாள்.

மூன்று பேருக்கு எலும்பு நன்றாகவே இருந்தது. இரண்டு பேருக்கு எல்லையில் இருந்தது. கருப்பம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் சிவப்பில். கருப்பம்மாள் பேப்பரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வேன் கிளம்பியதும் குல்சாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குப் பேசுவீக என்று கேட்டாள்.

அன்று கடைசியாக ஸ்கேன் எடுத்தது குல்சார். இத்தனை மாதத்துக்குள் பெரிய மாற்றம் தெரியாது, இன்னும் பொறுங்கள் என்றார்கள். தெரியவில்லைதான். அடுத்த வருடம் கோடையில் வெள்ளைத்தாயும் அவளும் போனபோது குல்சாருடையது மைனஸ் இரண்டு புள்ளி ஐந்துக்கு வந்திருந்தது, வெள்ளைத்தாயுடையது மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பதுக்கு. டாக்டரம்மா இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கரைவது நின்றிருக்கிறது, கொஞ்சம் ஏறியும் இருக்கிறது, இந்த வயதில் இது நல்ல செய்தி என்றார். இன்னும் சில வருடம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். அதற்கு வெள்ளைத்தாய், சில வருசந்தானா டாக்டரம்மா, எங்களுக்குப் பேசுறதுக்கு இன்னும் நெறைய இருக்கே என்றாள்.

இப்போது ஞாயிறு காலை அழைப்பில் பதினோரு பேர் இருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடிப்பதாகத்தான் பேச்சு. கருப்பம்மாள் வந்த பிறகு அப்படி முடிவதில்லை. போன வாரம் அவள் அச்சாபீஸில் தேதி மாறி அடித்த காலண்டர் கதையைச் சொல்ல, மணி எட்டாகிவிட்டது. விருதுநகரில் மாடியில் நடந்துகொண்டிருந்த குல்சாரைக் கீழேயிருந்து பீர் முகைதீன் கூப்பிட்டார்: தோசை ஆறுது, இன்னைக்கும் கருப்பம்மா யாரையும் சாப்பிட விடலையா என்று.